மூட்டையைக் காத்த ஆஸ்பத்திரிச் சீட்டு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

மகசூல் எடுப்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். நல்ல விதை, தண்ணீர், உரம், காலத்தில் களையெடுப்பு. சரி, எடுத்த மகசூல் நல்ல விலை வரும்வரை வீட்டில் தங்குவதற்கு என்ன வேண்டும்? குதிர் வேண்டும், சாக்கு வேண்டும், எலிப்பொறி வேண்டும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் எலியையும் வண்டையும்விட வேகமாகக் குதிரைக் காலி செய்கிற ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்கு வந்துவிடுகிற நோய்தான் அது. ராத்திரியில் பிள்ளை வயிற்றுவலியால் துடித்தால், விடிந்ததும் வியாபாரி என்ன விலைக்குக் கேட்டாலும் மூட்டையை எடுத்துக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் மார்க்கெட் நிலவரம் பார்ப்பதில்லை.

இதற்கு 1992-ஆம் வருஷத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கானா நாட்டில் உள்ள அந்த ஊரின் பெயர் என்கொரான்சா. முதல் எழுத்தைக் கொஞ்சம் மூக்கால் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது மாதிரியே வரும். சின்ன ஊர். சுற்றிலும் மக்காச்சோளமும் கிழங்கும் விளைகிற கிராமங்கள். அந்த ஊரின் சந்தை, தண்ணீர், மாவு மில், ஆஸ்பத்திரி இவற்றைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். விதையும் உரமும் பேச வேண்டிய விரிவாக்க அலுவலர் ஆஸ்பத்திரியைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். முழுதும் கேட்டுவிட்டு, பேசியது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊரும் மண்ணும்

கானா, ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில், தெற்கே கடலைப் பார்த்தபடி அமைந்த நாடு. 1957-ல் சுதந்திரம் பெற்றது. தெற்குப் பாதியில் காடு; அங்கே கோகோ விளைகிறது. வடக்கே போகப் போக மரங்கள் குறைந்து புல்வெளியாகிவிடும். அங்கே சோளமும் கம்பும் நிலக்கடலையும். இந்த இரண்டுக்கும் நடுவே, காடும் இல்லாமல் வெறும் புல்வெளியும் இல்லாமல் ஒரு பட்டை நிலம் ஓடுகிறது. என்கொரான்சா இருப்பது அந்தப் பட்டையில்தான். பக்கத்துப் பெரிய ஊர் டெச்சிமான், முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முன்பு பிராங்–அகாஃபோ மாநிலத்தில் இருந்த இந்தப் பகுதி, 2019-ல் மாநிலத்தைப் பிரித்தபோது கிழக்கு போனோ என்ற புது மாநிலத்தில் சேர்ந்தது.

ஊர்க்காரர்கள் போனோ மக்கள். பேசுவது அகான் மொழி. வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. இப்படி வந்தவர்கள் குடியிருக்கிற பேட்டையைக் கானாவில் ‘ஸோங்கோ’ என்பார்கள். களையெடுக்கவும் கிழங்குக்கு மேடு கூட்டவும் இவர்களுடைய கை இல்லாமல் வேலை நடக்காது.

வருஷத்தில் இரண்டு மழை, இரண்டு பட்டம். முதல் பட்டத்து மக்காச்சோளத்தை ஏப்ரல் வாக்கில் விதைத்து ஆகஸ்டு, செப்டம்பரில் அறுக்கிறார்கள். இரண்டாம் பட்டத்தை அந்த அறுவடையோடு அறுவடையாக விதைத்து டிசம்பர், ஜனவரியில் எடுக்கிறார்கள். கிணற்றுப் பாசனம், கால்வாய்ப் பாசனம் பெரும்பாலும் கிடையாது. எல்லாம் வானம் பார்த்த பூமி.

இந்தப் பக்கத்தின் இரண்டாவது பெரிய பயிர் யாம் என்ற கிழங்கு. நம் ராசவள்ளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கூம்பாகக் குவித்து, உச்சியில் விதைக்கிழங்கை வைத்து, கொடி ஏறக் கொம்பு நடுகிறார்கள். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆகஸ்டு வாக்கில் செடியைப் பிடுங்காமலே ஓரமாக மண்ணை விலக்கி, கிழங்கை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, தலைப்பகுதியை விட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள். வருஷக் கடைசியில் அந்தத் தலையிலிருந்தே சின்னக் கிழங்குகள் உருவாகியிருக்கும். அவைதான் அடுத்த வருஷத்து விதை. ஒரே செடியில் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, விதைக்கு ஒரு தடவை. இந்த ஆப்பிரிக்க வெள்ளைக் கிழங்கு நமக்கும் புதிதல்ல. திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தில் ஸ்ரீ பிரியா, ஸ்ரீ சுப்ரா என்ற ரகங்களையே வெளியிட்டிருக்கிறது.

மக்காச்சோளத்திலும் ஒரு சேதி. குமாசியில் உள்ள பயிர் ஆராய்ச்சி நிலையம் 1992-ல் ‘ஒபாட்டன்பா’ என்ற ரகத்தைக் கொடுத்தது. பிள்ளைகளை நன்றாக வளர்க்கிற நல்ல தாய் என்பது அந்தப் பெயரின் பொருள். சாதாரண மக்காச்சோளத்தில் குறைவாக இருக்கிற லைசின், டிரிப்டோஃபன் என்ற இரண்டு சத்துகள் இதில் கூடுதல். தாய்ப்பால் மறந்த குழந்தைக்கு மக்காச்சோளக் கஞ்சியே ஆகாரமாக இருக்கிற நாட்டில் இது பெரிய காரியம். பிறகு 2016 வாக்கில் அமெரிக்கப் படைப்புழு வந்து வயலுக்கு வயல் குருத்தைத் தின்றது. அதே புழு 2018-ல் நம் மக்காச்சோளத்திலும் இறங்கியது உங்களுக்குத் தெரியும். ஆக, அவர்கள் படுகிற பாடு நமக்குப் புரியாத பாடு அல்ல.

சந்தையும் சாக்கும்

விளைந்ததை விற்கிற இடத்துக்கு வருவோம். சுற்றுக் கிராமத்துச் சரக்கு என்கொரான்சாவுக்கு வந்து, அங்கிருந்து டெச்சிமானுக்குப் போகிறது. டெச்சிமான் வாரச்சந்தை மேற்கு ஆப்பிரிக்காவிலேயே பெரிய உணவுச் சந்தைகளில் ஒன்று. புர்கினா பாசோ, நைஜர், மாலி முதலிய நாட்டு வியாபாரிகள்கூட லாரியோடு வந்து வாங்கிப் போகிறார்கள்.

சந்தையில் பெண்கள் ராஜ்யம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. கிழங்குக்கு ஒரு ராணி, மக்காச்சோளத்துக்கு ஒரு ராணி, தக்காளிக்கு ஒரு ராணி என்றே அழைக்கிறார்கள். வரவு எவ்வளவு, எந்த லாரி முதலில் இறக்குவது, தகராறு வந்தால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதெல்லாம் அந்த அம்மாள்தான். வெளியூர்க்காரருக்கு இது கட்டுப்பாடாகத் தெரியும். ஆனால் சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஒரு ஆள் இருப்பது பெரிய வசதி.

சில்லறைக்கு அளவை ‘ஓலோங்கா’ என்ற தகரப் பாத்திரம். நம் ஊர்ப் படி மாதிரி. குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதில்தான் லாபமும் நஷ்டமும். மொத்தத்துக்கு மூட்டைக் கணக்கு. இங்கேதான் விவசாயிக்கு வலிக்கிறது. நூறு கிலோ மூட்டை என்று பேச்சு. வியாபாரி கொண்டுவருகிற சாக்கோ அதைவிடப் பெரிது. வாய்வரை நிரப்பி, அதற்கு மேலும் வலை போட்டுத் தைத்தால் நூறைத் தாண்டிப் போகும். விலை மட்டும் ஒரு மூட்டைக்குத்தான். தராசில் நிறுத்து விற்றால் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் பணம் அவசரமாக வேண்டியவன் தராசு கேட்டு நிற்க முடியாது. அவசரம் இல்லாதவன்தான் ‘நிறுத்து வாங்கு, இல்லாவிட்டால் போ’ என்று சொல்ல முடியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கதைக்கு இது வேண்டும்.

குடிதண்ணீரும் வயல் வேலையும்

தண்ணீர் விஷயத்தில் கானா பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. குட்டைத் தண்ணீரைக் குடித்ததால் நரம்புச் சிலந்தி நோய் நாடெங்கும் இருந்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த நோயைத் தெரிந்திருக்கும். காலில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து நூல் மாதிரி புழு வெளியே வரும். ஆள் சாக மாட்டார். ஆனால் வாரக்கணக்கில் எழுந்து நடக்க முடியாது. அதுவும் சரியாக விதைப்பு நேரத்திலோ அறுவடை நேரத்திலோ வந்து படுக்க வைத்துவிடும். 1989-ல் கானாவில் மட்டும் 1,79,000 பேருக்கு மேல் இந்த நோய் கணக்கெடுக்கப்பட்டது. துணியால் வடிகட்டிக் குடிப்பது, நோயாளி குட்டையில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது, போர் போட்டுக் கைப்பம்பு வைப்பது ஆகிய மூன்றையும் விடாமல் செய்து 2010-ல் கடைசி நோயாளியைக் கண்டார்கள். 2015-ல் நோய் ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

கைப்பம்பு என்றேனே, அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கானாக் கிராமங்களில் பரவலாக இருக்கிற பம்புகளில் ஒன்று ‘இந்தியா மார்க் இரண்டு’. 1970-களில் யுனிசெப் உதவியோடு நம் நாட்டில் உருவாக்கி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான போர்களில் மாட்டிச் சோதித்து, சென்னையில் தயாரித்த அதே பம்புதான். நம் தெருமுனையில் நாம் அடித்த பம்பை அங்கே ஒரு அம்மாள் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்.

1990-களில் வந்த அவர்களது கிராமக் குடிநீர்த் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. பம்பு வைக்க ஆகிற செலவில் 5 சதத்தை ஊரே போட வேண்டும். ஊர்த் தண்ணீர்க் கமிட்டி ஒன்று அமைக்க வேண்டும். அதில் பெண்களும் இருக்க வேண்டும். பழுதானால் ரிப்பேர் பார்ப்பது அந்தக் கமிட்டியின் பொறுப்பு. காசு போட்டவனுக்குத்தான் பொருள் மேல் அக்கறை வரும் என்பது கணக்கு. பணம் வசூலிக்க ஏற்ற காலம் எது? அறுவடை முடிந்த காலம்தான். மழைக்காலத்தில் போய்க் கேட்டால் யார் கையில் காசு இருக்கும்?

கரண்ட், மாவு மில், பேங்க்

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்துக்கும் இதே மாதிரி ஒரு திட்டம் 1989-ல் வந்தது. பெரிய லைனிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர், தெருவுக்கு வேண்டிய கம்பங்களைத் தானே வாங்கி நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்காவது வயரிங் முடித்துவிட்டால், அரசு லைன் இழுத்துக் கொடுக்கும் என்பது அன்றைய விதி.

கரண்டோ டீசலோ, அதில் ஓடுகிற மாவு மில்தான் பெண்களுக்குப் பெரிய உபகாரம். அது எழுப்புகிற சத்தத்தை வைத்தே அதற்கு ‘நிக்கா நிக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊறவைத்த மக்காச்சோளத்தை அங்கே அரைத்து, புளிக்க வைத்து, இலையில் சுற்றி அவித்தால் கென்கே, கிண்டினால் பாங்கு. உரலில் மணிக்கணக்கில் இடித்த வேலை மில்லில் சில நிமிஷத்தில் முடிகிறது. மிச்சமான நேரத்தில் அந்த அம்மாள் தன் நிலக்கடலைக் காட்டுக்குப் போய் வரலாம்.

கிராம பேங்குகள் 1976-ல் நியாக்ரோம் என்ற ஊரில் தொடங்கி, பிறகு நாடெங்கும் பரவின. ஊர்க்காரர்களே பங்கு போட்டு நடத்துகிற பேங்க். இதுவும் வேண்டாம் என்கிற சிறு வியாபாரிகளிடம் தினமும் கடைக்கே வந்து சேமிப்பு வசூலித்து, மாதக் கடைசியில் ஒரு நாள் தொகையைத் தன் கூலியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிற ‘சூசு’க்காரர்களும் உண்டு.

இன்னொரு விசேஷம். என்கொரான்சாவிலிருந்து 22 கிலோமீட்டரில் போவாபெங், பியேமா என்று இரண்டு கிராமங்கள். அங்கே இருக்கிற காட்டுக் குரங்குகளை மக்கள் தெய்வத்தின் பிள்ளைகளாக நினைத்துக் கொல்லாமல் காத்து வந்தார்கள். அந்த நம்பிக்கை தளர்ந்து வேட்டை தொடங்கியபோது, 1975-ல் உள்ளாட்சி மூலமாகவே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். குரங்கு செத்தால் இன்றும் முறைப்படி அடக்கம் செய்கிறார்கள். பார்க்க வருகிறவர்களால் ஊருக்கு வருமானமும் உண்டு.

ஆஸ்பத்திரிக் கதை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என்கொரான்சாவில் கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்துகிற புனித தெரேசா ஆஸ்பத்திரி இருக்கிறது. சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் ஆஸ்பத்திரி.

கானா அரசு 1985-ல் ஆஸ்பத்திரிக் கட்டணங்களை ஏற்றியது. மருந்து, படுக்கை, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் நோயாளி பணம் கட்ட வேண்டியதாயிற்று. ‘காசு கொடு, வாங்கிக்கொண்டு போ’ என்றே மக்கள் இந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள். விளைவு என்ன? நோய் முற்றிய பிறகுதான் வந்தார்கள். வந்து பிழைத்தவர்களும் பில் கட்ட வழியில்லாமல் வார்டிலேயே தங்க நேர்ந்தது. ஆஸ்பத்திரிக்கும் வசூல் வரவில்லை.

விவசாயி வீட்டில் இது எப்படி இடித்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணக் கணக்குதான். ஒரு குடியானவர் 20 மூட்டை மக்காச்சோளம் எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் விதைக்கும் 8 மூட்டை. மீதி 12 விற்க. செப்டம்பரில் எல்லார் வீட்டிலும் சரக்கு. விலை விழுந்து கிடக்கும். மே, ஜூனில் சரக்கு ஒட்டிப்போகும். அப்போது விலை ஒன்றரை மடங்கு ஆகிற வருஷங்கள் உண்டு. பொறுத்திருந்தால் 12 மூட்டைக்கு 18 மூட்டையின் பணம் வரும். ஆனால் செப்டம்பரிலேயே பெண்சாதிக்கு ஆபரேஷன். பில் 6 மூட்டை விலை. பெரிய சாக்கு, சின்ன விலை என்று எதையும் பாராமல் 6 மூட்டை போய்விட்டது. அந்த 6 மூட்டை ஜூனில் 9 மூட்டையின் பணம் தந்திருக்கும். ஆக, நோய்க்கு ஆன செலவு 6 மூட்டை; அவசரத்துக்கு ஆன செலவு 3 மூட்டை. பில் ரசீதில் அந்த மூன்று மூட்டை எங்கேயும் எழுதியிருக்காது.

1992-ல் அந்த ஆஸ்பத்திரியும் மறைமாவட்டமும் சேர்ந்து ஒரு காப்பீட்டுத் திட்டம் ஆரம்பித்தார்கள். கானாவில் இந்த மாதிரித் திட்டங்களுக்கு அது முன்னோடி. வருஷத்துக்கு ஒரு தடவை தலைக்கு இவ்வளவு என்று சந்தா. கட்டியவர் படுக்கையில் சேர வேண்டி வந்தால் பில் கிடையாது. சேருகிறதுக்கு வருஷம் முழுவதும் கதவு திறந்திருக்காது. அறுவடைப் பணம் கையில் இருக்கிற, வருஷக் கடைசியை ஒட்டிய மாதங்களில்தான் பதிவு. இதில் இரண்டு நன்மை. பணம் இருக்கிற காலத்தில் கேட்பதால் கட்ட முடிகிறது. இரண்டாவது, நோய் வந்த பிறகு ஓடிவந்து சேர முடியாது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற கதை அங்கே நடக்காது.

இன்னொரு விதி: சேர்ந்தால் குடும்பத்தில் எல்லாரும் சேர வேண்டும். ‘அம்மாவுக்குத்தான் நெஞ்சுவலி, அம்மாவுக்கு மட்டும் சீட்டு போதும்’ என்றால் ஒப்புக்கொள்வதில்லை. காரணம் எளிது. நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் வருகிற சந்தாவெல்லாம் உடனே கரைந்துவிடும். நல்ல உடம்புக்காரன் போட்ட காசில்தான் நோயாளிக்கு வைத்தியம் நடக்கிறது.

வெளி நோயாளிகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. தலைவலி, ஜுரத்துக்கு அவரவர் காசுதான். ஆனால் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தார்கள். என்ன தெரியுமா? பாம்புக்கடி! படுக்கையில் சேராவிட்டாலும் பாம்புக்கடிக்கு வைத்தியம் உண்டு. இந்த விதியை எழுதினவர்களுக்கு விவசாயம் தெரியும் என்று நான் நினைக்கிறேன். கிழங்கு மேடு கூட்டுகிறவனும் சோளத்தட்டை அறுக்கிறவனும் விரியன் பாம்பின் மேல் கால் வைக்கிறது அங்கே அபூர்வம் அல்ல. விஷமுறிவு மருந்து விலை கூடிய சரக்கு. ஒரு நாட்டுப் பாம்புக்கு இன்னொரு நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து சரியாகக் கேட்காது என்பதால் கிடைப்பதும் கஷ்டம். பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தால் விஷம் காத்திருக்குமா?

முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். குடும்பம் முழுவதற்கும் சந்தா ஒரு மூட்டை விலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டையை விற்றுச் சீட்டு வாங்கியாயிற்று. ஆபரேஷன் வந்தாலும் மீதி 11 மூட்டை அசையாது. ஜூன்வரை இருந்து, நிறுத்து வாங்குகிற வியாபாரியாகப் பார்த்து விற்கலாம். அந்தச் சீட்டு உடம்பை மட்டுமா காத்தது? குதிரையும் சேர்த்துத்தான் காத்தது.

குறைகளும் உண்டு

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம். அந்த மாவட்டத்தில் சேராதவர்களே பாதிக்கு மேல். ஏன் சேரவில்லை?

முதல் காரணம், தலைக்கு ஒரே சந்தா. பத்து ஏக்கர்க்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே தொகை. எட்டுப் பேர் உள்ள ஏழை வீட்டில் எட்டுச் சந்தாவும் ஒரே மூச்சில் கட்டுவது எப்படி? குடும்பம் முழுதும் சேர வேண்டும் என்கிற நல்ல விதியே அவர்களை வெளியே நிறுத்தியது. இரண்டாவது, சாதாரணப் பிரசவம் இதில் அடங்கவில்லை. பெண்களுக்கு அதிகம் தேவைப்பட்டதே அதுதான். மூன்றாவது, விலைவாசி ஏற ஏற சந்தாவையும் ஏற்ற வேண்டி வந்தது. நான்காவது, மனுஷ சுபாவம். ‘போன வருஷம் கட்டினேன், யாருக்கும் நோய் வரவில்லை, பணம் தண்டம்’ என்று சொன்னவர்கள் உண்டு. கல்யாண மொய் மாதிரி திரும்பி வரும் என்று நினைத்தால் இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். நோய் வராதது நஷ்டம் அல்ல என்பதை எடுத்துச் சொல்ல வருஷா வருஷம் ஆள் வேண்டியிருந்தது.

2003-ல் கானா அரசே நாடு முழுமைக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. என்கொரான்சா மாதிரி ஊர்த் திட்டங்கள் காட்டிய வழி அதற்கு உதவியது. மாவட்டத்துக்கு ஒரு திட்டம் என்று அமைத்து, சந்தாவோடு, வாங்குகிற சரக்குகள் மேல் 2.5 சதம் வரியும் போட்டு நிதி சேர்த்தார்கள். வெளி நோயாளிக்கும் இடம் கிடைத்தது. 2008-ல் கர்ப்பிணிகளுக்குச் சந்தா இல்லாமலே வைத்தியம் என்றார்கள். 2012 சட்டத்தில் மாவட்டத் திட்டங்கள் எல்லாம் ஒரே தேசிய அமைப்பாயின. முதியவர், குழந்தைகள், பரம ஏழைகளுக்குச் சந்தா கிடையாது. என்கொரான்சாவில் வெளியே நின்றவர்களுக்கு இதனால் கதவு திறந்தது. ஆனால் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் வர மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற புகார் தொடர்ந்து வந்திருக்கிறது. ஊர்ப் பணம் ஊரிலேயே இருந்தபோது கேள்வி கேட்க முடிந்தது. தலைநகருக்குப் போனபின் அது கடினம். எந்த ஏற்பாட்டிலும் ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மூட்டையைக் காக்க இன்னும் சில

ஆஸ்பத்திரிச் சீட்டு அவசர விற்பனையைத் தடுக்கும், வண்டைத் தடுக்காது. அங்கே முதல் பட்டத்து அறுவடை முடிந்ததும் மறு மழை தொடங்கிவிடுவதால் காய வைப்பது பெரும்பாடு. ஈரம் போகாத சோளத்தில் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்திலிருந்து வருகிற அஃபிளடாக்ஸின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்; சமைத்தாலும் போகாது. ஆகவே ஈரம் 13 சதத்துக்குக் கீழே இறங்கும்வரை காய வைக்கச் சொல்கிறார்கள். வெறும் தரையில் கொட்டாமல் தார்ப்பாய் விரித்துக் காய வைப்பது நல்லது.

1980-களில் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய பெரிய தானியத் துளைப்பான் என்ற வண்டு, கதிரோடு சேமித்த சோளத்தை மாவாக்கிவிடும். இதற்கு நல்ல மாற்று, மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு கனத்த பிளாஸ்டிக் பைகள், வெளியே சாதாரணச் சாக்கு. நன்றாகக் காய்ந்த தானியத்தைப் போட்டு ஒவ்வொரு பையையும் தனித்தனியாக முறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கிற பிராணவாயு தீர்ந்து வண்டு தானே அடங்கிவிடும். மருந்து தேவையில்லை. பையில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைச் செப்டம்பரிலேயே பிரிக்க வைத்தால் என்ன பிரயோஜனம்? பையும் சீட்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை விட்டால் பாதிக் காவல்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அன்பர்களே, என்கொரான்சாவிலிருந்து நான்கு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஊருக்குப் பொதுவாக எந்த வசதி செய்வதானாலும் வசூலை அறுவடையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். விதைப்பு நேரத்தில் கேட்டால் நல்ல மனசுக்காரரும் இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, கட்ட முடியாதவர் யார் என்று முதலிலேயே கணக்கெடுத்து, அவர்களுக்கு என்ன வழி என்பதையும் அன்றைக்கே தீர்மானியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்க்கவே மாட்டோம்.

மூன்றாவது, பண்ணைக் கணக்கு எழுதுகிறவர்கள் விதை, உரம், கூலி என்று எழுதும்போது வைத்தியச் செலவையும், அதற்காக எந்த விலைக்கு எத்தனை மூட்டை விற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் அதே சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவசரத்தின் விலை. இரண்டு மூன்று வருஷம் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும்.

நான்காவது, மருத்துவக் காப்பீட்டு அட்டை எது உங்களிடம் இருந்தாலும், அதில் குடும்பத்தில் எல்லார் பெயரும் இருக்கிறதா, எந்தெந்த வைத்தியத்துக்குச் செல்லும், எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று நல்ல உடம்போடு இருக்கிறபோதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். விதை முளைப்புத்திறனை விதைப்புக்கு முன்னாலேதானே சோதிக்கிறோம்? அந்த மாதிரிதான் இதுவும்.

குடிதண்ணீர்ப் பம்பும், மாவு மில்லும், ஆஸ்பத்திரியும் பட்டணத்துச் சௌகரியங்கள், விவசாயத்துக்குச் சம்பந்தமில்லாதவை என்று நினைத்துவிடாதீர்கள். நரம்புச் சிலந்தி ஒழிந்ததால் அறுவடைக்கு ஆள் கிடைத்தது. மில் வந்ததால் பெண்களுக்கு வயல் நேரம் கிடைத்தது. சீட்டு வந்ததால் மூட்டைக்கு விலை கிடைத்தது. விளைய வைப்பது ஒரு பாதி. விளைந்ததை நல்ல காலம்வரை நம் கையிலே வைத்திருப்பது மறு பாதி.

இது சம்பந்தமாக உங்கள் ஊரில் செய்து பார்த்த ஏற்பாடு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.